வெடியுப்பும் பாணும்: இரண்டு வல்லரசுகளின் போட்டி உழவனின் காணிக்குள் வந்த விதம்

வல்லரசுகளின் போட்டியைப் பற்றி நமது கூட்டங்களில் பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். "அது பெரிய ஆக்களின்ரை விசயம் சுவாமி, எங்களுக்கு அதாலை என்ன?" என்பது ஒன்று. "வளர்ந்து வாறவனும் ஏற்கெனவே இருக்கிறவனும் ஒருநாளைக்கு மோதத்தான் செய்வினம், அது விதி" என்பது மற்றையது. இவ்விரு பதில்களையும் ஒரே வரலாற்றை வைத்துச் சோதித்துப் பார்ப்பதே இப்பாடத்தின் நோக்கமாகும். நாம் எடுத்துக்கொள்வது முதலாம் உலக யுத்தத்துக்கு முன்னர் பிரித்தானியாவுக்கும் ஜேர்மனிக்கும் இடையே நிலவிய போட்டி. குழுவாக இருந்து வாசிப்போர் ஓர் உலகப் படத்தை அருகில் வைத்துக்கொள்வது நல்லது. ஐரோப்பாவில் தொடங்கும் கதை தென் அமெரிக்கப் பாலைவனம் ஒன்றுக்கும் போய், நமது கடலோரத்தையும் ஒருமுறை தொட்டுச் செல்கின்றது.

வளர்ந்தவனும் வளர்கின்றவனும்

ஜேர்மனி என்னும் பேரரசு 1871 ஜனவரி 18ஆம் திகதிதான் பிறந்தது. அதற்கு முன்னர் அங்கே இருந்தவை பல சிறிய, பெரிய அரசுகள். அந்நாளில் பிரித்தானியாவோ உலகத்தின் தொழிற்சாலையாகவும் உலகக் கடல்களின் காவற்காரனாகவும் விளங்கியது. நமது தீவு உட்படப் பல நாடுகள் அதன் உடைமைகளாக இருந்தன. ஆனால் நாற்பது ஆண்டுகளுக்குள் நிலைமை மாறிற்று. 1913இல் ஜேர்மனி ஏறக்குறைய 1 கோடி 76 இலட்சம் தொன் உருக்கை உற்பத்தி செய்தது; பிரித்தானியா 77 இலட்சம் தொன். சாயப் பொருட்கள், மருந்துகள், மின்சார இயந்திரங்கள் ஆகியவற்றிலும் ஜேர்மனியே முந்தி நின்றது.

பிரித்தானியப் பாராளுமன்றம் 1887இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன் பயனாக வெளிநாட்டுப் பொருட்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் பொறிக்கப்படலாயிற்று. ஜேர்மன் பொருள் என்று தெரிந்தால் மக்கள் வாங்கமாட்டார்கள் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது மறுபுறம். கத்தியும் கத்தரிக்கோலும் நன்றாக இருக்கக் கண்ட மக்கள், அந்தப் பெயரையே தேடி வாங்கத் தொடங்கினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இவ்விரு நாடுகளும் எதிரிகளாக மட்டும் இருக்கவில்லை. ஒன்றுக்கொன்று நல்ல வாடிக்கையாளர்களாகவும் இருந்தன. ஜேர்மன் ஏற்றுமதிக்கு மிகப் பெரிய சந்தை பிரித்தானியாதான். ஜேர்மன் வணிகக் கப்பல்கள் பல லண்டனில் லொயிட்ஸ் சந்தையில் காப்புறுதி செய்யப்பட்டிருந்தன. அப்படியானால் யுத்தம் வந்து, பிரித்தானியக் கடற்படை அக்கப்பல்களை மூழ்கடித்தால், இழப்பீட்டை லண்டன்காரர் கொடுக்க வேண்டிவருமே என்று அங்குள்ள அதிகாரிகள் உண்மையாகவே இருந்து ஆராய்ந்தார்கள். வியாபாரம் இவ்வளவு பின்னிப் பிணைந்திருக்கும்போது யுத்தத்தால் எவருக்கும் இலாபம் இல்லை என்று நோர்மன் ஏஞ்சல் என்பவர் 1909இல் ஒரு நூல் எழுதினார். அவர் சொன்னது சரி. ஆனால் வாசித்தவர்களுள் பலர், இலாபம் இல்லாதபடியால் யுத்தம் வராது என்று விளங்கிக்கொண்டார்கள். இவை இரண்டும் ஒன்றல்ல என்பதை யுத்தத்தைக் கண்ட நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கப்பலைக் கேட்டவர்களும் காசு கொடுத்தவர்களும்

ஜேர்மன் சக்கரவர்த்தி இரண்டாம் வில்லியமும் அவருடைய கடற்படை அமைச்சர் திர்பிற்ஸும் 1898இலும் 1900இலும் இரண்டு கடற்படைச் சட்டங்களை நிறைவேற்றுவித்தார்கள். பிரித்தானியாவுக்குச் சமமாகக் கப்பல் கட்டத் தேவையில்லை, மோதினால் தனக்கும் பெருஞ்சேதம் வரும் என்று பிரித்தானியா அஞ்சும் அளவுக்குக் கட்டினால் போதும் என்பது திர்பிற்ஸின் கணக்கு. கடல் வாணிபம் செய்யும் நாம் ஏன் இன்னொருவருடைய தயவில் கடலில் போக வேண்டும் என்று ஜேர்மனியர் கேட்டனர். மறுபக்கத்தில் பிரித்தானியா ஒரு தீவு. அதன் கோதுமையில் ஐந்தில் நான்கு பங்கு கப்பலில் வந்தது. கடல் அடைபட்டால் பாண் இல்லை. ஆகவே கடற்படை அவர்களுக்குச் சோற்றுப் பிரச்சினை. இரண்டு பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பெரிய தீங்குகள் பலவும் இவ்வாறான அரை நியாயங்களில் இருந்தே முளைக்கின்றன.

1906 பெப்ரவரியில் பிரித்தானியா 'ட்ரெட்நோட்' என்ற போர்க்கப்பலை நீரில் இறக்கியது. பத்துப் பெரும் பீரங்கிகளும் மிகுந்த வேகமும் கொண்ட அக்கப்பலின் முன்னே பழைய போர்க்கப்பல்கள் எல்லாம் மதிப்பிழந்தன. பிரித்தானியாவின் சொந்தப் பழைய கப்பல்களும் அவற்றுள் அடங்கும். இதனால் போட்டி மீண்டும் முதலில் இருந்து தொடங்கியது. 1909இல் ஜேர்மனி இரகசியமாக வேகத்தைக் கூட்டிவிட்டது என்ற பீதி லண்டனில் கிளம்பிற்று. அரசுக்கு இச்செய்தியைத் திரும்பத் திரும்பக் கொண்டுபோய்ச் சொன்னவர்களுள் ஒருவர் ஒரு பீரங்கித் தொழிற்சாலையின் முகாமையாளர்! கடற்படையினர் ஆறு கப்பல் கேட்டார்கள், சிக்கனம் பேசிய அமைச்சர்கள் நான்கு போதும் என்றார்கள், கடைசியில் கட்டியது எட்டு. அஞ்சப்பட்ட எண்ணிக்கையை ஜேர்மனி குறித்த காலத்தில் எட்டவே இல்லை.

இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது? பிரித்தானியாவில் நிதியமைச்சர் லொயிட் ஜோர்ஜ், கப்பல்களுக்கும் புதிதாகத் தொடங்கிய முதியோர் ஓய்வூதியத்துக்குமாகப் பெரும் வருமானத்தின் மீதும் நிலத்தின் மீதும் வரி விதிக்க முற்பட்டார். நிலப்பிரபுக்கள் நிறைந்த மேல்சபை 1909இல் அந்த வரவு செலவுத் திட்டத்தையே தள்ளிவிட, நாட்டில் பெரும் அரசியல் நெருக்கடி உண்டானது. ஜேர்மனியில் அதே ஆண்டு முதுசொத்தின் மீதான வரியை விரிவாக்க ஒரு முயற்சி நடந்தது. பெருநிலக்காரரின் கட்சி அதைத் தோற்கடித்தது. பின்னர் பியர், சாராயம், புகையிலை போன்ற சாதாரண மக்கள் வாங்கும் பொருட்களின் மீது வரி ஏறியது.

ஜேர்மனியின் கிழக்குப் பகுதியில் இருந்த பெருநிலக்காரருக்கு முதலில் கடற்படையில் பெரிய விருப்பம் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உருக்கு ஆலைக்காரருக்குக் கப்பல் வேண்டும். நிலக்காரருக்கோ அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்த மலிவுத் தானியத்தைத் தடுக்க இறக்குமதி வரி வேண்டும். இரு தரப்பாரும் ஒருவருக்கொருவர் கைகொடுத்தார்கள். 1879இல் பிஸ்மார்க் காலத்திலேயே தொடங்கிய இந்த உடன்பாடு, 1902இல் தானிய வரியை மேலும் உயர்த்தியதோடு முழுமை பெற்றது. பட்டணத் தொழிலாளிக்குப் பாண் விலை கூடிற்று. தீனியை விலைக்கு வாங்கி ஆடுமாடு வளர்த்த சிறு விவசாயிக்கும் இதில் பெரிய நன்மை இல்லை. ஆனால் பாடசாலைப் பிள்ளைகள் மாலுமிச் சட்டை அணிந்து கடற்படைக் கொடியை ஆட்டினார்கள்.

பெண்கள் பாடிய பாட்டைக் கேட்ட நாளில் இருந்து சவுல் அரசனின் கண் தாவீதின் மேல் வேறுவிதமாக விழுந்தது என்று முதலாம் சாமுவேல் நூலில் வாசிக்கின்றோம். தாவீது அன்று அரசனுக்கு எதிராக எதுவும் செய்திருக்கவில்லை. ஆனால் உவமையை மிகத் தூரம் இழுக்கக் கூடாது: சக்கரவர்த்தி வில்லியம் ஒரு தாவீது அல்லர்.

பாலைவனத்து உப்பு

இனி நமக்கு மிகவும் நெருங்கிய பகுதிக்கு வருவோம். பயிருக்கு நைதரசன் வேண்டும். காற்றில் அது நிறைய உண்டு. ஆனால் பயிரால் அதை நேரே எடுக்க இயலாது. பயறு, உழுந்து போன்றவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் அதைப் பிடித்துக் கொடுக்கின்றன. எருவும் குழையும் கொடுக்கின்றன. ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சனத்தொகை பெருகியபோது இவை போதவில்லை. தென் அமெரிக்காவின் அற்றகாமா பாலைவனத்தில், மழையே காணாத நிலத்தில், வெடியுப்பு எனப்படும் நைத்திரேற்று உப்பு பாளம் பாளமாகக் கிடந்தது. அது பசளையாக ஐரோப்பிய வயல்களுக்குப் போகத் தொடங்கியது.

அதன் பெயரே அதன் மற்றைய பயனைச் சொல்கிறது. வயலுக்குப் போடும் அதே உப்பில் இருந்துதான் பீரங்கிக் குண்டுக்கான வெடிமருந்தும் செய்யப்பட்டது. அந்தப் பாலைவனத்துக்காக ஏலவே ஒரு யுத்தம் நடந்திருந்தது. ஒரு குவின்றல் வெடியுப்புக்கு 10 சதம் வரி என்று பொலிவியா விதித்ததில் மூண்ட தகராறு, 1879இல் சிலிக்கும் பொலிவியா, பெரு ஆகியவற்றுக்கும் இடையிலான யுத்தமாயிற்று. சிலி வென்றது. பொலிவியா தன் கடற்கரையை முழுதாக இழந்து இன்றுவரை கடலில்லா நாடாக இருக்கின்றது. அதன் பின்னர் அங்கே பெருமளவில் முதலிட்டவர்கள் பிரித்தானியர். ஆனால் வெடியுப்பை மிக அதிகமாக வாங்கிய நாடு ஜேர்மனி. யுத்தத்துக்கு முந்திய ஆண்டுகளில் வருடத்துக்கு ஏழு, எட்டு இலட்சம் தொன் வரை வாங்கியது. ஜேர்மன் உழவனின் உருளைக்கிழங்கும் ரை ரொட்டியும் ஓர் உலகச் சுற்றுக் கடற்பாதையில் தங்கியிருந்தன. அந்தப் பாதையின் சாவி பிரித்தானியாவின் கையில் இருந்தது.

இதை உணர்ந்த ஜேர்மன் விஞ்ஞானிகள் வேறு வழி தேடினர். 1909இல் பிரிட்ஸ் ஹேபர் என்னும் இரசாயன அறிஞர், காற்றின் நைதரசனையும் ஐதரசனையும் பெரும் அமுக்கத்தில் சேர்த்து அமோனியா ஆக்கிக் காட்டினார். கார்ல் பொஷ் என்ற பொறியியலாளர் அதைத் தொழிற்சாலை முறையாக்கினார். 1913 செப்டெம்பரில் ஒப்பௌ என்ற இடத்தில் முதலாவது ஆலை இயங்கத் தொடங்கியது. நாம் இன்று பையாக வாங்கும் யூரியாவின் மூதாதை அதுவே. உலக மக்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேரின் உணவு இன்று இந்த முறையில் தங்கியுள்ளது என்று கணக்கிடப்படுகின்றது.

யுத்தம் வந்தபோது

1914 யூன் மாதம் பிரித்தானியப் போர்க்கப்பல்கள் சில ஜேர்மனியின் கீல் துறைமுகத்துக்கு நட்புறவுப் பயணமாகச் சென்றிருந்தன. மாலுமிகள் ஒன்றாக விருந்துண்டார்கள். யூன் 28ஆம் திகதி சரயேவோவில் ஒஸ்திரிய இளவரசர் கொல்லப்பட்ட செய்தி அங்கேதான் அவர்களுக்கு எட்டியது. ஆறு வாரங்களுக்குள் இரு நாடுகளும் யுத்தத்தில் இருந்தன. கப்பல் போட்டியால்தான் யுத்தம் மூண்டது என்று சொல்வது சரியல்ல. உண்மையில் 1912 அளவில் பிரித்தானியா அப்போட்டியில் வென்றுவிட்டது. ஆனால் அதற்குள் ஜேர்மனிக்கு அஞ்சி, தன் பழைய எதிரிகளான பிரான்சுடனும் ரஷ்யாவுடனும் அது நெருங்கியிருந்தது. ஆகவே எங்கோ ஒரு மூலையில் எழுந்த சண்டை, பெல்ஜியத்தின் மீதான ஜேர்மன் படையெடுப்போடு எல்லோரையும் இழுத்துக்கொண்டது.

சீனாவின் சிங்தாவோ துறைமுகத்தில் ஜேர்மனிக்கு ஒரு கப்பற்படை இருந்தது. அதில் பெரும்பகுதி பசிபிக்கைக் கடந்து போய், 1914 நவம்பர் 1ஆம் திகதி சிலிக் கரைக்கு அப்பால் ஒரு பிரித்தானியப் படையைத் தோற்கடித்தது. டிசெம்பர் 8ஆம் திகதி போக்லாந்துத் தீவருகே அதுவும் அழிக்கப்பட்டது. அத்துடன் வெடியுப்புப் பாதை ஜேர்மனிக்கு முற்றாக மூடப்பட்டது. அப்படையில் இருந்து பிரிந்து இந்து சமுத்திரத்துக்கு வந்த ஒரே கப்பல்தான் 'எம்டன்'. 1914 செப்டெம்பர் 22ஆம் திகதி இரவு சென்னையின் எண்ணெய்த் தாங்கிகளை எரித்துவிட்டு, கொழும்புக்கு அருகிலும் வணிகக் கப்பல்களைப் பிடித்தது. கெட்டிக்காரத்தனமாக அலுவல் பார்ப்பவனை 'அவன் ஒரு எம்டன்' என்று நம்மவர் சொல்வது அந்நாளில் பிறந்த வழக்கு.

சிலியின் உப்பு நின்றதும் ஹேபரின் அமோனியா ஜேர்மனியைக் காப்பாற்றியது. ஆனால் முதலில் காப்பாற்றியது பீரங்கிகளை. ஆலையில் இருந்து வந்த நைதரசனில் பெரும்பங்கு குண்டுக்குப் போயிற்று, எஞ்சியதே வயலுக்கு வந்தது. ஆண்களையும் குதிரைகளையும் படை எடுத்துக்கொண்டது. பிரித்தானியக் கடற்படை தீவனமும் தானியமும் வராமல் அடைத்தது. 1915இல் பெர்லினில் பாணுக்குப் பங்கீட்டு அட்டை வந்தது. அவ்வேளையில் சில பேராசிரியர்கள் கணக்குப் போட்டு, மனிதன் உண்ண வேண்டிய கிழங்கைப் பன்றி தின்கின்றது என்றார்கள். 1915 வசந்தத்தில் ஏறக்குறைய 90 இலட்சம் பன்றிகள் வெட்டப்பட்டன. சில கிழமை இறைச்சி நிறையக் கிடைத்தது. பின்னர் கொழுப்பும் இல்லை, வயலுக்கு எருவும் இல்லை. கணக்குப் போட்டவர்கள் பன்றி வளர்த்தவர்கள் அல்லர். 1916இல் நோய் தாக்கி உருளைக்கிழங்கு விளைச்சல் பாதியாகியது. அந்த மாரிகாலம் முழுவதும் மாட்டுக்குப் போடும் ஒருவகைக் கிழங்கையே மக்கள் உண்டார்கள். பசியாலும் அதன் வழிவந்த நோயாலும் இறந்த ஜேர்மன் குடிமக்களின் தொகை நான்கு இலட்சத்துக்கும் மேல் என்று பிற்கால ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். 1918 நவம்பரில் யுத்தம் ஓய்ந்த பின்னரும் முற்றுகை உடனே நீங்கவில்லை. 1919 மார்ச்சில்தான் உணவுக் கப்பல் விடப்பட்டது. யூலையில்தான் தடை முற்றாக நீங்கியது.

ஜேர்மனியும் அதே ஆயுதத்தையே திருப்பிப் பிடித்தது. 1917 ஏப்ரல் ஒரு மாதத்தில் மட்டும் நீர்மூழ்கிகள் எட்டு இலட்சம் தொன்னுக்கும் அதிகமான கப்பல்களை மூழ்கடித்தன. மலிவான வெளிநாட்டுக் கோதுமைக்கு ஆசைப்பட்டுத் தன் சொந்த உழவரைப் பல பத்தாண்டுகளாகக் கைவிட்டிருந்த பிரித்தானியா, இப்போது அவசர அவசரமாகப் புல்தரைகளை உழச் சொன்னது. கோதுமைக்கும் ஓட்சுக்கும் உத்தரவாத விலையும், பண்ணைக் கூலியாட்களுக்கு ஆகக்குறைந்த சம்பளமும் 1917இல் சட்டமாக்கப்பட்டன. உழவர் உழுதார்கள். 1921இல் உலக விலை விழுந்ததும் அரசு அச்சட்டத்தை நீக்கிக்கொண்டது. கூலி வாரியமும் போயிற்று.

உப்பு நீர் புகுந்த காணிகள்

பெல்ஜியத்து விவசாயிகளின் கதையை நமது வாசகர்கள் தாமாகவே விளங்கிக்கொள்வார்கள். 1914இல் படைகள் முன்னேற முன்னேற, ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் நெதர்லாந்துக்கு ஓடினார்கள். இரண்டரை இலட்சம் பேர் வரை பிரித்தானியாவில் தஞ்சம் புகுந்தார்கள். ஒக்டோபர் இறுதியில் ஜேர்மன் படையைத் தடுப்பதற்காகப் பெல்ஜியப் படையே நியூபோர்ட் என்ற இடத்தின் மடைகளைத் திறந்து, ஈசர் ஆற்றுச் சமவெளிக்குள் கடல் நீரைப் புகவிட்டது. தலைமுறை தலைமுறையாக உப்பை வெளியேற்றிப் பண்படுத்திய வயல்கள் நான்கு ஆண்டுகள் நீரில் கிடந்தன. பாதுகாக்க வந்த படையே செய்த சேதம் இது.

யுத்தம் முடிந்து திரும்பியவர்கள் வீட்டையும் காணவில்லை, வேலியையும் காணவில்லை; எல்லைக் கல் எது என்று பிடிபடவில்லை. மேல்மண் கீழும் கீழ்மண் மேலுமாகப் புரண்டு கிடந்தது. பலகைக் கொட்டில்களில் இருந்துகொண்டு குண்டுக் குழிகளை மண்வெட்டியால் நிரப்பினார்கள். அரச அதிகாரிகள் சிலர் இந்நிலம் இனிச் சரிவராது என்று எண்ணியபோதும் உழவர்கள் கேட்கவில்லை. சில ஆண்டுகளில் அங்கே மீண்டும் பயிர் விளைந்தது. ஆனாலும் ஈப்பர் நகரைச் சுற்றிய வயல்களில் இன்றும், நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், உழும்போது வெடிக்காத குண்டுகள் வெளிவருகின்றன. அவர்கள் அதற்கு 'இரும்பு அறுவடை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எடுத்த குண்டை வயலோரத்தில் வைத்துவிட்டு அறிவித்தால் படையினர் வந்து கொண்டுபோவார்கள். கண்ணிவெடி அகற்றிய கம்பங்களைக் கடந்து தன் வளவுக்குள் போய்வந்தவருக்கு இது புதினமல்ல.

விதிதானா?

இனி இரண்டாவது பதிலைப் பார்ப்போம். அதே காலத்தில் பிரித்தானியாவை முந்திக்கொண்டு வளர்ந்த இன்னொரு நாடும் இருந்தது. அமெரிக்காவின் உருக்கு உற்பத்தி 1913இல் ஜேர்மனியினதையும் விட மிக அதிகம். 1895இல் வெனிசுவேலாவின் எல்லைப் பிரச்சினையில் அமெரிக்காவும் பிரித்தானியாவும் யுத்தத்தின் விளிம்புவரை போயின. ஆனால் பிரித்தானியா நடுவர் தீர்ப்புக்கு இணங்கியது. 1901 உடன்படிக்கையில் பனாமாக் கால்வாயை அமெரிக்கா தனியே வெட்டி ஆளவும் சம்மதித்தது. இது புண்ணியத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. எல்லோரோடும் ஒரே நேரத்தில் மோத முடியாது என்று கணக்குப் பார்த்தே விட்டுக்கொடுத்தார்கள். எனினும் விட்டுக்கொடுக்க முடிந்தது. ஒரு வல்லரசோடு முடிந்த காரியம் மற்றதோடு முடியாமற் போனதென்றால் அதை விதி என்று எப்படிச் சொல்வது?

1917 ஓகஸ்ட் 1ஆம் திகதி பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் யுத்தத்தில் ஈடுபட்ட நாடுகளுக்கு ஒரு சமாதான மடலை அனுப்பினார். ஆயுதக் குறைப்பு, நடுவர் தீர்ப்பு, கடல்களில் சுதந்திரம், பெல்ஜியத்தை விட்டு வெளியேறுதல் என்பன அதில் இருந்தன. அந்த யுத்தத்தைப் பயனற்ற படுகொலை என்று அவர் அழைத்தார். இரு பக்கத்தாரும் அவரை மற்றப் பக்கத்தின் ஆள் என்று சந்தேகித்தார்கள். அதைவிட வேதனை, ஒவ்வொரு நாட்டிலும் ஆயர்களும் குருக்களும் பலர் தத்தம் படைகளின் வெற்றிக்கே செபித்துக்கொண்டிருந்தார்கள் என்பது. திருச்சபையின் வரலாற்றில் இந்தப் பக்கத்தையும் நாம் மறைக்காமல் வாசிக்க வேண்டும்.

அவ்வளவு காசையும் விழுங்கிய பெருங்கப்பல்கள் என்ன செய்தன? 1916 மே 31ஆம் திகதி யூற்லாந்துக் கடலில் ஒரேயொரு தடவை முழுப்படைகளாக மோதின. மற்றப்படி துறைமுகங்களிலேயே காத்துக் கிடந்தன. சரணடைந்த ஜேர்மன் கப்பல்களை 1919 யூன் 21ஆம் திகதி ஸ்கொத்லாந்தின் ஸ்கபா புளோ குடாவில் அவற்றின் மாலுமிகளே மூழ்கடித்தார்கள். பிற்காலத்தில் பழைய இரும்பு வியாபாரிகள் அவற்றை மிதக்கவைத்து வெட்டி விற்றார்கள். வென்ற பிரித்தானியாவோ அமெரிக்காவிடம் பெருங்கடனாளியாக வெளிவந்தது.

இன்று உலக உருக்கில் பாதிக்கு மேல் சீனாவில் உற்பத்தியாகின்றது. போர்க்கப்பல்களின் எண்ணிக்கையிலும் அது அமெரிக்காவை முந்திவிட்டது. 2018இல் இவ்விரு நாடுகளும் ஒன்றன் பொருள் மீது ஒன்று வரி ஏற்றியபோது, முதலில் அடிபட்டவர்களுள் அமெரிக்காவின் சோயா விவசாயிகளும் அடங்குவர். சீனா பிரேசிலிடம் வாங்கத் தொடங்கியது. 2025இல் அக்கதை மீண்டும் நடந்தது. 2021இல் சீனா பசளை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும், 2022இல் ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்ததும் உலகச் சந்தையில் யூரியாவின் விலையை ஏற்றின. நமது நாட்டில் 2021இல் இரசாயனப் பசளைக்கு விதிக்கப்பட்ட தடையும், பின்னர் வந்த டொலர் தட்டுப்பாடும் அதனோடு சேர்ந்துகொண்டன. 2022 யூலையில் இந்தியா கடனுக்குக் கொடுத்த யூரியா வந்திறங்கியது. ஓகஸ்டில், இந்தியாவின் ஆட்சேபத்தின் மத்தியில், சீனாவின் ஆய்வுக் கப்பல் ஒன்று அம்பாந்தோட்டையில் வந்து நின்றது. இரண்டையும் வெவ்வேறு செய்திகளாக நாம் வாசித்தோம்.

குழுக்களில் இதை வாசிப்போர், தம் ஊரில் முதன்முதல் அமோனியாவும் யூரியாவும் எப்போது வந்தன, அதற்கு முன் எதைப் போட்டு விளைவித்தார்கள் என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். குழை தாழ்த்தல், பட்டி அடைத்தல், சணல் விதைத்து மடக்குதல் ஆகியவற்றுள் எவை நினைவில் இருக்கின்றன? வேலியில் பூவரசும் இல்லை, பட்டியில் மாடும் இல்லை, இருப்பதோ பிறர் காணி என்ற நிலையில், இவற்றுள் எதை வரும் காலபோகத்துக்குள் கால் ஏக்கரிலாவது செய்து பார்க்கலாம் என்பதைப் பேசி, கிடைத்த விபரங்களை எமக்கு அனுப்பிவையுங்கள்.